அரசன் நகர்த்திய திருநாள்

பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நார்வேயை ஆண்ட ஹாகோன் ஒரு திருவிழாவின் தேதியை மாற்றினான். அவன் வளர்ந்தது இங்கிலாந்தில், மன்னன் அத்தெல்ஸ்தானின் அரண்மனையில், கிறிஸ்தவனானதும் அங்கேதான். தாய்நாட்டுக்குத் திரும்பி அரியணை ஏறியபோது குடிகளில் பெரும்பாலோர் ஓடினையும் தோரையும் ஃபிரேயையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வங்களை எடுத்த எடுப்பில் மாற்ற முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் நாட்காட்டியில் கைவைத்தான். யூல் பண்டிகையை இனி கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் தொடங்கும் நாளில்தான் தொடங்க வேண்டும். வீட்டுக்கு வீடு இன்ன அளவு முளைகட்டிய பார்லியில் பியர் காய்ச்ச வேண்டும், தவறினால் அபராதம். காய்ச்சிய பியர் தீரும்வரை பண்டிகை. இதுதான் சட்டம்.

இதை நமக்குச் சொல்பவர் ஐஸ்லாந்துக்காரரான ஸ்நோரி ஸ்டுர்லுசன். 1230 வாக்கில் அவர் எழுதிய ‘ஹெய்ம்ஸ்கிரிங்லா’ என்ற அரசர் வரலாற்றில் இந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு குறிப்பும் வருகிறது: அதற்கு முன்பெல்லாம் யூல் நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவுகள் நடந்தது.

போகிறபோக்கில் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பு, இன்று யூல் பற்றிப் பரவலாக நம்பப்படும் கதையை ஆட்டங்காணச் செய்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 அல்லது 22, அதாவது குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில், சூரியன் மறுபடி பிறப்பதை வட ஐரோப்பியர் தொன்றுதொட்டு யூல் என்று கொண்டாடினர், திருச்சபை அதைத் திருடிக் கிறிஸ்துமஸ் ஆக்கிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வடநாட்டவர் ஆண்டைக் கோடை, குளிர் என இரண்டே பாதிகளாகப் பிரித்தவர்கள். அவர்களுடைய குளிர்காலம் அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். அதன் நடுப்புள்ளி ஜனவரி நடுவில்தான் வரும். ஸ்நோரியை நம்புவதானால், ஹாகோன் பண்டிகையை ஏறத்தாழ மூன்று வாரம் முன்னுக்கு இழுத்திருக்கிறான். பழைய யூல், கதிர்த்திருப்பம் கடந்துபோய்ப் பல நாள் ஆன பிறகு வந்த பண்டிகை.

ஸ்நோரியை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான கேள்வி. அவர் எழுதியது நிகழ்ந்ததற்கு 270 ஆண்டுகளுக்குப் பின், அவரும் கிறிஸ்தவர். பலிக் குதிரையின் ரத்தத்தைச் சுவர்களிலும் மக்கள் மீதும் தெளித்தார்கள் என்று அவர் விவரிக்கும் காட்சியில் பைபிளின் பழைய ஏற்பாட்டுச் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் தேதி விஷயத்தில் அவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை. அவரோடு தொடர்பே இல்லாத வேறு சாட்சிகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

முதல் சாட்சி பீட். இங்கிலாந்தின் வடபகுதியில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த இந்தத் துறவி 725-இல் கால அளவை பற்றி எழுதிய நூலில் தம் முன்னோரின் பழைய மாதங்களைப் பட்டியலிடுகிறார். ஆண்டு பன்னிரண்டு சந்திர மாதங்களாக ஓடும். சூரியனோடு கணக்கு விலகும்போது கோடையில் ஓர் அதிக மாதம் சேர்ப்பார்கள். நம் பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பீட் தரும் முக்கியமான தகவல், யூல் என்ற பெயர் ஒரு நாளுக்கு உரியதல்ல, அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கு உரியது என்பதே. ஒன்று கதிர்த்திருப்பத்துக்கு முன், மற்றது பின். கதிர்த்திருப்பம் இந்த இரண்டு மாதங்களுக்கு நடுவே நட்ட எல்லைக்கல். மாதக் கணக்கு வழிதவறாமல் இருக்க அது வேண்டும். ஆனால் விருந்து அந்தக் கல்லின் மேல்தான் நடந்தது என்று பீட் எங்கும் சொல்லவில்லை. டிசம்பர் 24 இரவை ‘அன்னையர் இரவு’ என்று பழைய மக்கள் கொண்டாடியதாக மட்டும் குறிப்பிடுகிறார். அந்த அன்னையர் யார், என்ன செய்தார்கள் என்பதை விளக்காமலே விட்டுவிட்டார்.

இரண்டாம் சாட்சி தீட்மார், ஜெர்மனியின் மெர்செபுர்க் நகரத்து ஆயர். டென்மார்க்கின் லெய்ரே என்னும் இடத்தில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பெரும்பலி நடந்ததாகவும், 99 மனிதரும் அதே எண்ணிக்கையில் குதிரைகளும், கூடவே நாய்களும் சேவல்களும் பலியானதாகவும் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். எண்ணிக்கையை நான் நம்பவில்லை. ஒன்பதின் மீது அந்தக் காலத்துக் கதைசொல்லிகளுக்கு இருந்த மோகம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் பலி நடந்த மாதம் என்று அவர் சொல்வது ஜனவரி. கிறிஸ்தவர்களின் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு. செவிவழிச் செய்தியில் எண்கள் ஊதும். மாதம் மாறுவதற்கான காரணம் குறைவு.

மூன்றாம் சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், ‘தூலே’ என்ற வடகோடி நாட்டைப் பற்றிக் கேட்டறிந்து எழுதினார். நேரில் போய்ப் பார்க்க ஆசை இருந்தும் வாய்ப்பு அமையவில்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அங்கே குளிர்காலத்தில் நாற்பது நாள் சூரியனே தெரியாதாம். இருளில் முப்பத்தைந்து நாள் கழிந்ததும் சிலரை மலையுச்சிக்கு அனுப்புவார்கள். உச்சியிலிருந்து சூரியன் மங்கலாகக் கண்ணில் பட்டதும், இன்னும் ஐந்து நாளில் வெளிச்சம் வரும் என்று அவர்கள் கீழே இருப்பவர்களுக்கு அறிவிப்பார்கள். உடனே ஊரே கொண்டாடும், அதுவும் இருட்டிலேயே. தூலே மக்களின் மிகப்பெரிய திருவிழா இதுதான் என்கிறார் அவர். கணக்குப் பார்த்தால் இருள் கவிந்த காலத்தின் நடுநாள்தான் கதிர்த்திருப்பம். விழா நடப்பதோ அதற்கும் இரண்டு வாரத்துக்குப் பின். வானியல்படி சூரியன் திரும்பிய நாளுக்கும் கண்ணுக்குச் சூரியன் திரும்பிய நாளுக்கும் வடக்கே போகப் போக இடைவெளி கூடும். மக்கள் கொண்டாடியது இரண்டாவதை.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது. மிக நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. அதனால் இந்தப் பேச்சின் கனம் நமக்குச் சட்டென்று பிடிபடாது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 21 அன்று பகல் ஆறு மணி நேரம். ஹாகோனின் குடிகள் வாழ்ந்த டிரோன்ஹெய்ம் பகுதியில் நாலரை மணி நேரம். நார்வேயின் வடகோடியில் டிரோம்ஸோ நகரத்துக்கு நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுவரை சூரியன் கிடையாது. சுற்றிலும் மலை என்பதால் நகரத்துக்குள் வெயில் விழ இன்னும் சில நாள் ஆகும். அங்கே ஜனவரி 21 வாக்கில் சூரிய நாள் கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் அலுவலகம் போகிறவர்கள் வரை ஜாம் வைத்துப் பொரித்த ‘சூரிய பன்’ சாப்பிடுகிறார்கள். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் ஊரில் காத்திருப்பு இன்னும் நீளம். பழைய மருத்துவமனை இருந்த இடத்தின் படிக்கட்டில் முதல் கதிர் படுவது மார்ச் 8 வாக்கில். ஊர் முழுக்க அந்தப் படிக்கட்டருகே கூடிச் சூரியனைக் கூவி அழைக்கிறது. புரோகோப்பியஸ் கேள்விப்பட்ட மலையுச்சிக் காவலுக்கும் இதற்கும் மரபுத் தொடர்ச்சி உண்டு என்று சொல்ல மாட்டேன். சூழல் ஒன்று, அதனால் நடத்தையும் ஒன்றாக அமைகிறது.

ஸ்வீடிஷ் ஆய்வாளர் ஆண்ட்ரேயாஸ் நூர்ட்பெர்க் 2006-இல் வெளியிட்ட நூல் இந்தச் சாட்சிகளை ஒரு விதியாகத் தொகுக்கிறது. கதிர்த்திருப்பத்துக்குப் பிறகு தோன்றும் முதல் பிறையோடு இரண்டாம் யூல் மாதம் பிறக்கும். அந்த மாதத்துப் பௌர்ணமியில் யூல். இன்றைய நாட்காட்டியில் அது ஜனவரி முதல் வாரத்துக்கும் பிப்ரவரி தொடக்கத்துக்கும் இடையே எந்த நாளிலும் விழலாம். எல்லா அறிஞரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் நடைமுறையை யோசித்தால் எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில் சூரியன் உதிக்கும் இடம் அநேகமாக நகர்வதே இல்லை. கருவியின்றி ‘இன்றுதான்’ என்று விரல்வைத்துச் சொல்வது கடினம். பௌர்ணமியோ எழுத்தறியாதவனும் ஐம்பது கல் தொலைவிலிருந்து பார்த்து உறுதிசெய்யக்கூடிய நாள். பனி மூடிய நிலத்தில் முழுநிலா வெளிச்சம் இருந்தால் இரவிலும் சறுக்குவண்டி கட்டி விருந்துக்குப் போய்ச்சேரலாம்.

விருந்துக்கு வேண்டியதும் அப்போதுதான் கைவசம் இருக்கும். குளிர்காலம் முழுவதும் எல்லா மாடுகளுக்கும் போட வைக்கோல் இருக்காது. அதனால் நவம்பரிலேயே தேறாத கால்நடைகளை வெட்டிவிடுவார்கள். பீட் அந்த மாதத்துக்குப் பலி மாதம் என்றே பெயர் தருகிறார். உப்புக்கண்டமும் புகையிட்ட இறைச்சியும் தயாராகி, இலையுதிர்காலத்தில் அறுத்த பார்லி முளைகட்டிக் காய்ச்சிப் பியராகி நிற்கும் சமயம் அது. வயலில் வேலை இல்லை, கடலில் கப்பல் ஓடாது. ஆண்டு முழுவதும் கிடைக்காத ஓய்வும் உணவும் ஒருசேரக் கிடைக்கும் ஒரே இடைவெளி. குடிப்பதிலும் முறை இருந்தது: முதல் கிண்ணம் ஓடினுக்கு, அரசனின் வெற்றிக்காக, அடுத்தவை நியோர்டுக்கும் ஃபிரேக்கும், நல்ல விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். பண்டிகை ஆண்பன்றியின் மேல் கைவைத்து வீரர்கள் சத்தியம் செய்வதைப் பழைய ஐஸ்லாந்துக் கதைகள் காட்டுகின்றன. ஸ்காண்டிநேவியாவில் கிறிஸ்துமஸ் மேசையின் நடுவே பன்றித்தொடை வைப்பது அதன் எச்சம் என்பார்கள். இருக்கலாம். குளிர்காலத்தில் பன்றி வெட்டும் ஊரில் விருந்துக்குப் பன்றி வருவதற்குப் பழைய தெய்வம் எதுவும் தேவையில்லை என்பதும் உண்மை.

ஹாகோனின் சட்டம் என்ன ஆயிற்று? குடிகள் எளிதில் விடவில்லை. மேரே என்ற இடத்தில் ஒரு யூல் விருந்தின்போது டிரோன்ஹெய்ம் பகுதி விவசாயிகள் அரசனைச் சூழ்ந்துகொண்டு, சிலுவைக் குறி போடாமல் குடிக்கவும் குதிரை ஈரலைக் கடிக்கவும் வைத்தார்கள் என்கிறார் ஸ்நோரி. தேதியை மாற்றிய அரசன் அதே பண்டிகையில் அவமானப்பட்டான். ஆனால் நூற்றாண்டுகள் கடந்தபோது ஜெயித்தது அவன் தேதிதான். மேற்கு நார்வேயின் குலாதிங் சட்டத்தொகுப்பு வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் பியர் காய்ச்சுவதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பியரைக் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் அர்ப்பணித்து நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டச் சொன்னது. வேண்டுதல் பழையதே, கேட்கும் காதுகள் மட்டும் மாறின. யூல் என்ற பெயரும் போகவில்லை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு இன்றும் அந்தப் பெயரின் வடிவங்கள்தான். பாதிரியாரும் அப்படித்தான் அழைக்கிறார், கோயிலுக்கே போகாதவரும் அப்படித்தான் அழைக்கிறார்.

சட்டத்தின் கை இந்தப் பண்டிகையை விட்டு விலகியதே இல்லை. பின்லாந்தின் துர்கு நகரத்தில் 1320-கள் முதல் அநேகமாகத் தடையின்றி ஒரு வழக்கம்: டிசம்பர் 24 நண்பகலில் பழைய சதுக்கத்தின் மாடத்திலிருந்து யூல் அமைதி அறிவிக்கப்படும். அமைதியைக் குலைப்பவருக்குத் தண்டனை கூடும் என்று அந்த அறிவிப்பு எச்சரிக்கிறது. 1827-இல் நகரத்தையே அழித்த பெருந்தீயில் மூலப்பிரதி எரிந்துபோக, நினைவிலிருந்து மீட்டு எழுதிய வாசகம்தான் இன்று படிக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தில் கதை தலைகீழ். அங்கே யூல் விடுமுறையை 1640-இல் நாடாளுமன்றமே ஒழித்தது. பைபிளில் இல்லாத பண்டிகை என்பது சீர்திருத்தத் திருச்சபையின் வாதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-இல்தான்.

தேதிகள் தாமாகவும் நகரும். ஜூலியன் நாட்காட்டி ஆண்டின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கணக்கிட்டதால், 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் கதிர்த்திருப்பம் தேதியில் பின்வாங்கிக்கொண்டே போனது. ரோமானியர் காலத்தில் டிசம்பர் 25-ஐ ஒட்டியிருந்தது, பதினான்காம் நூற்றாண்டில் 13-க்கு வந்துவிட்டது. ஸ்வீடனில் டிசம்பர் 13 அன்று கொண்டாடும் லூசியா திருநாளை ஆண்டின் மிக நீண்ட இரவு என்று கிராமத்தார் சொல்லிவந்தது அந்தக் காலத்து உண்மை. 1753-இல் ஸ்வீடன் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது உண்மை இடம்பெயர்ந்தது, நம்பிக்கை அங்கேயே நின்றது. தலையில் மெழுகுவத்திக் கிரீடம் சூடி, வெள்ளை அங்கியில் பாடிவரும் இளம்பெண்களும் குங்குமப்பூ பன்னும் இன்றும் 13-ஆம் தேதிதான். ஷெட்லாந்துத் தீவுகளில் ஒதுங்கிக் கிடக்கும் ஃபூலா என்ற சிறு தீவு பழைய நாட்காட்டியை விடவே இல்லை. அங்கே யூல் ஜனவரி 6.

நமக்கும் இது அந்நியமல்ல. சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத்தின் தொடக்கம் என்று தைப்பொங்கலைச் சொல்கிறோம். வானில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட நம் ராசிக் கணக்கில், சூரியன் மகரத்தில் நுழைவதும் கதிர்த்திருப்பமும் ஒன்றாக இருந்தது ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன். அன்றுமுதல் இரண்டும் விலகிவிலகி இடைவெளி இப்போது 24 நாள். பழைய யூலும் பொங்கலும் ஜனவரி நடுவில் சந்திப்பதைப் பார்த்து ‘ஒரே பண்பாடு’ என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். வேண்டாம். அங்கே காரணம் நிலவும் இரண்டு பருவ ஆண்டும். இங்கே காரணம் பூமி அச்சின் மெதுவான சுழற்சி. சந்திப்பு தற்செயல்.

அப்படியானால் கதிர்த்திருப்ப நாளையே குறிவைத்துக் கொண்டாடியவர்கள் ஐரோப்பாவில் இல்லையா? இருந்தார்கள், யூல் மக்களுக்கு மூவாயிரம் ஆண்டுக்கும் முன்னால். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேடு கி.மு. 3200-ஐச் சேர்ந்தது. வாசலுக்கு மேலே ஒரு திறப்பு. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய காலைகளில் மட்டும் உதயக் கதிர் அதன் வழியே நுழைந்து 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறையில் விழும், சுமார் 17 நிமிடம். தொல்லியலாளர் மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று அதைக் கண்டார். இப்போது உள்ளே நிற்க ஆண்டுதோறும் குலுக்கல் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் உள்ள மேஸ்ஹவ் மேடு அதே பருவத்தில் மறையும் சூரியனைப் பார்த்திருக்கிறது. இங்கே இரண்டு உலகங்கள் ஒரு கணம் முட்டிக்கொண்டன. 1153-இல், யூலின் பதின்மூன்றாம் நாள், பனிப்புயலில் சிக்கிய ஹரால்ட் பிரபுவின் ஆட்கள் இந்த மேட்டுக்குள் ஒதுங்கினார்கள் என்றும், அவர்களில் இருவருக்குச் சித்தம் கலங்கியது என்றும் ஆர்க்னி பிரபுக்களின் வரலாறு சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே புகுந்த வடநாட்டவர் சுவரில் முப்பதுக்கு மேற்பட்ட ரூன் எழுத்துக் கிறுக்கல்களை விட்டுச் சென்றார்கள். புதையல், பெண்கள், தம் எழுத்துத் திறமை என்று எல்லாவற்றையும் பற்றிப் பீற்றிக்கொண்டவர்கள், அறைக்குள் விழும் அந்திக் கதிர் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பண்டிகைப் பொருட்களும் சொல்லப்படும் அளவுக்குத் தொன்மையானவை அல்ல. அடுப்பில் எரிக்கும் யூல் கட்டையைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1184-இல், ஜெர்மனியிலிருந்து வருகிறது. பழைய வடநாட்டு நூல்களில் அதைக் காணோம். வைக்கோலில் செய்யும் யூல் ஆடு தோரின் தேர் இழுத்த ஆடுகளின் வாரிசு என்பது அழகான ஊகம், அவ்வளவுதான். ஸ்வீடனின் யெவ்லே நகரத்தார் 1966-இல் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு வைக்கோல் ஆடு கட்டினார்கள். அந்த ஆண்டின் கடைசி இரவில் யாரோ கொளுத்திவிட்டார்கள். அன்றுமுதல் ஆட்டைக் கட்டுவது எப்படி மரபோ, அதைக் கொளுத்துவதும் அப்படியே சட்டவிரோத மரபாகிவிட்டது. காவல், வேலி, கேமரா எல்லாம் வைத்தும் 2016-இல் திறப்பு விழா நாளிலேயே எரிந்தது. 2023-இல் நெருப்பு வரவில்லை. வைக்கோலில் தானியம் மிஞ்சியிருந்ததால் காக்கை இனப் பறவைகள் வந்து கொத்தித் தின்றுவிட்டன. ஒரு மரபு பிறந்து வளர்வதை அறுபது ஆண்டுக்குள் கண்முன்னே பார்க்க வேண்டுமானால் யெவ்லேயைவிடச் சிறந்த இடம் இல்லை.

யூல் டிசம்பர் 21-இல் நிலைகொண்டதும் அண்மைக்கால நிகழ்ச்சிதான். 1950-களில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னரின் விக்கா என்ற நவீன இயற்கை வழிபாட்டினரும், அவருடைய நண்பரும் ட்ரூயிட் இயக்கத்தவருமான ராஸ் நிக்கல்ஸும் ஆண்டுக்கு எட்டு விழா என்ற வட்டத்தை வகுத்தார்கள். அந்த வட்டத்தில் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கு வாய்த்த பெயர் யூல். ஸ்டோன்ஹெஞ்சில் டிசம்பர் விடியலில் திரளும் கூட்டத்தில் பலருக்கும் வழிகாட்டி இந்த வட்டம்தான். ஆஸ்திரேலியாவில் இதே மரபினர் பருவத்தை மதித்து ஜூனில் யூல் கொண்டாடுகிறார்கள். அது நேர்மையான முடிவு. இந்த வரலாற்றில் ஓர் இருண்ட கிளையும் உண்டு. கிறிஸ்துமஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ‘ஜெர்மானிய’ யூலை நட நாஜிகள் முயன்றார்கள். எஸ்.எஸ். படையினருக்கு அதன் தலைவர் ஹிம்லர் யூல் விளக்குகளைப் பரிசளித்தார். அவற்றைத் தயாரித்த அலாக் பீங்கான் தொழிற்சாலை டாகாவ் வதைமுகாம் கைதிகளின் உழைப்பைச் சுரண்டிய இடம். ‘தொன்மையான தூய விழா’ என்ற பேச்சு எங்கே போய் முடியக்கூடும் என்பதற்காக இதைச் சொல்லத்தான் வேண்டும். இன்று வீட்டில் மெழுகுவத்தி ஏற்றும் சாதாரண மனிதருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

புதிதாகப் பிறந்தது என்பதால் ஒரு விழா போலியாகிவிடாது. சான்று இல்லாத வயதை அதற்குக் கற்பிப்பதுதான் தவறு. ஐஸ்லாந்தில் கதிர்த்திருப்ப யூலும் நடுக்குளிர்கால விருந்தும் அருகருகே நடக்கின்றன. 1972-இல் தொடங்கி மறுஆண்டே அரசு அங்கீகாரம் பெற்ற ஆசாத்ரூ சங்கம், பழைய தெய்வங்களை முறைப்படி வணங்குவது. அது தன் யூல் வழிபாட்டை நடத்துவது கதிர்த்திருப்பத்தில். ஸ்நோரி குறித்த நடுக்குளிர்காலத்தில், ஜனவரி பின்பாதி முதல், எந்தத் தெய்வத்தையும் வணங்காத ஐஸ்லாந்துக்காரர்கள் ஊர்ஊராக மண்டபம் பிடித்துத் தீயில் வாட்டிய ஆட்டுத்தலையும் புளிக்கவைத்த இறைச்சியும் தின்று, குடித்து, விடியும்வரை ஆடுகிறார்கள். தோர்ராபுளோட் என்ற அந்த விருந்தை 1873-இல் கோபன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்த ஐஸ்லாந்து மாணவர்கள் தொடங்கிவைத்தார்கள். அதன் உணவுப் பட்டியல் 1958-இல் ரெய்க்யாவிக்கின் ஓர் உணவகத்தில் உருவானது. பழைய யூலின் தேதிக்கும் அதன் குணத்துக்கும் இன்று ஐரோப்பாவில் மிக நெருக்கமாக இருப்பது இந்த மாணவர் விருந்துதான்.